நகர்வலம்

இம்மலரின் ஆசிரியர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, "ஐயா, வல்லினம் மிகுமிடங்களைப் பற்றி மட்டும் எழுதிவிடாதேயுங்கோ" என்று ஒரு விண்ணப்பத்தையும் உடன் வைத்தார். அவர் அஞ்சியதிற் பிழையில்லை. யாம் பட்டதாரி அல்லேம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரத்துடன் தமிழ் கற்பித்து வருகின்றோம். அத்தகையார் கையில் வெற்றுத்தாள் அகப்பட்டால் அது இலக்கணத்தில் முடிவதே உலக வழக்கு. ஆகலின், இலக்கணத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, எம் ஊராகிய யாழ்ப்பாண நகரத்தை ஒருநாட் சுற்றிவந்த கதையைச் சொல்லத் துணிந்தோம். வழியில் ஒற்றுப்பிழைகள் எதிர்ப்பட்டால் அதற்கு யாம் பொறுப்பாளி அல்லேம்.

இன்னுமொன்று. 'யாம்' என்று எழுதுவதைக் கண்டு மாணவர் சிலர் நகைப்பர். தனி ஒருவன் தன்னைப் பன்மையாற் கூறுவது செருக்கன்று. தவறு நேர்ந்தாற் பழியைப் பங்கிட்டுக்கொள்ள வேறு சிலரும் உளர் என்னும் துணிவே அது.

நகர்வலம் வருதல் பண்டை அரசர்க்குரிய தொழில். அவர் மாறுவேடம் பூண்டு இரவில் வந்தனர் என்று கதைகள் கூறும். யாம் வந்தது பட்டப்பகலில், முச்சக்கரவண்டியில். வேடம் என்று சொல்வதானால் அன்று ஒருநாள் யாம் பூண்டது 'எல்லாம் அறிந்தவர்' என்னும் வேடமே.

2025 ஆம் ஆண்டு ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழா முடிந்து கச்சான் கடைக்காரர் கொட்டில்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம், எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வந்தார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுதும் பெயர்ந்தபோது பிரிந்த வாங்கு அது. அதன்பின் அவரை யாம் கண்டது கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே. பன்னிரண்டு வயது மகளையும் அழைத்து வந்திருந்தார். அச்சிறுமி அங்கே சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குச் செல்பவள். கையில் ஒரு வரைதற் கொப்பியும் பென்சிற் பெட்டியும் எப்போதும் இருந்தன.

"மச்சான், பிள்ளைக்கு ஊரைக் காட்டவேணும். நீ இங்கேயே இருக்கிறவன், உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார் நண்பர்.

இங்கேயே இருப்பவர்க்கு எல்லாம் தெரியும் என்பது வெளிநாட்டார் கொண்ட மயக்கம். இருப்பவர்க்குத் தெரிந்தவை வேறு. எந்த ஒழுங்கையில் நாய் கடிக்கும், எந்தச் சந்தியிற் பொலிசார் மறைந்து நிற்பர், எந்தக் கடையிற் கறுத்தக்கொழும்பானை மணந்து பார்க்க விடுவர் என்பன போன்றவை அவை. பார்க்கத்தக்க இடங்களைப் பார்ப்பதற்கு அவர்க்குப் பொழுதும் இல்லை, காரணமும் இல்லை. கோட்டையைத் தென்னிலங்கையார் பேருந்து பேருந்தாக வந்து பார்த்துச் செல்கின்றனர். அதற்கு இரண்டு கட்டை தூரத்தில் வாழும் யாமோ, நாற்பத்தைந்து வயது வரை அதன் வாயிலைத் தாண்டியவர் அல்லேம். இதனை நண்பரிடம் சொல்லவில்லை. தோளில் வழக்கம்போல் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டோம். பையினுள் இருந்ததைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

புகையிரத நிலையத்திலேயே வலம் தொடங்கிற்று. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் நின்றுபோய், 2014 ஐப்பசியில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எம் வகுப்பிற் புகையிரதத்தைக் கண்ணாற் காணாமலே 'புகையிரதப் பயணம்' என்று கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுட் சிலர் இம்மலரை இப்போது வாசித்துக்கொண்டிருப்பர். அவர்கள் கட்டுரைகளில் ஜன்னலோரம் எப்போதும் மலைகளே தோன்றும் என்பதை நினைவூட்டுகின்றோம்.

வண்டியோட்டிய தம்பி வன்னியிலிருந்து அண்மையில் வந்தவர். ஆதலால் யாமே வழி சொல்லவேண்டியதாயிற்று. "முட்டாசுக்கடைச் சந்தியாலே திருப்பும் தம்பி" என்றோம்.

"முட்டாசு எண்டா என்ன மாமா?" என்றாள் சிறுமி.

"ஒருவகை இனிப்புப் பண்டம்."

"வாங்குவமா?"

அங்கே முட்டாசுக் கடையை யாம் அறிந்த நாளாய்க் கண்டதில்லை என்று சொல்ல நேர்ந்தது. சற்று நேரத்தில் ஆனைப்பந்தி வந்தது. யானை எங்கே என்று கேட்டாள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றதையும், அக்காலத்து யானைகளை நிரையாகக் கட்டிய இடம் இதுவென்று சொல்லப்படுவதையும் விரித்துரைத்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப ஒரு ஆனையும் இல்லையா?" என்றாள். இல்லை. கொய்யாத்தோட்டத்திற் கொய்யா உண்டா என்று தந்தையாரைக் கேட்டாள். அவர் எம்மைப் பார்த்தார். வீடுகளே உண்டு என்றோம். அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 'இல்லாத இடங்கள்' என்று தலைப்பிட்டு மூன்று பெயர்களையும் வரிசையாக எழுதிக்கொண்டாள். தலைப்பில் ஒற்றுப்பிழை இல்லை என்பதை மகிழ்ச்சியோடு கவனித்தோம்.

அப்பட்டியலை நீட்டுவது எளிது. யாழ்ப்பாணத்தார் வழி சொல்லும் முறையே அத்தகையது. அரைநூற்றாண்டுக்கு முன் விழுந்த ஆலமரத்தடியில் இடப்பக்கம் திரும்பச் சொல்வோம். மூடிய தியேட்டருக்கு முன்னால் இறங்கச் சொல்வோம். ஆளில்லாத வீட்டை அங்கே வாழ்ந்த டாக்குத்தர் பெயராற் குறிப்போம். கேட்பவரும் சரியான இடத்துக்கே போய்ச் சேர்வார். புதிதாக வருவோர் படும் பாட்டை இதுவரை யாம் எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி வண்டியை நிறுத்தி, "சேர், இப்ப இருக்கிற ஏதாவதொண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டபோதே எண்ணினோம்.

இருக்கின்றவை கடைப் பலகைகள். தமிழாசிரியர் ஒருவர்க்கு நகரத்திற் காணத்தக்க காட்சி அதனினும் வேறு யாது? யாம் வீதியிற் செல்லும்போது கோபுரத்தைப் பார்ப்பது குறைவு. பலகைகளைப் பார்ப்பதே மிகுதி. வேண்டாத இடத்தில் ஒற்று மிக்கும் வேண்டிய இடத்தில் மெலிந்தும் கிடக்கும் பலகைகளைப் படித்தபடியே சைக்கிள் மிதித்து இருமுறை வாய்க்காலுள் விழுந்துமிருக்கின்றோம். ஆயினும் அன்று எம்மைத் திகைக்கவைத்தது பிழையான பலகையன்று, பிழையற்றது. 'ஸ்ரூடியோ' என்று எழுதியிருந்ததைச் சிறுமி எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஸ் என்பதற்கும் ரூ என்பதற்கும் உரிய ஒலியைக் கொடுத்து, "ஸ்-ரூ-டியோ" என்று வாசித்தாள். அவள் படிக்கும் பாடநூல் இந்திய வழக்கைத் தழுவியது போலும். அங்கே டகரம் இட்டு எழுதுவர். ஈழத்தில் நாம் மாஸ்ரர் என்றும் ஸ்ரேசன் என்றும் எழுதி, டகரமாக ஒலித்துக்கொள்வோம். ஏன் என்று கேட்டாள். ஒரு நாழிகை விடை சொல்லியிருப்போம். மலராசிரியரின் விண்ணப்பம் அன்றே எம் காதிற் கேட்டதுபோலும், "இங்கை அப்பிடித்தான் பிள்ளை" என்று முடித்துக்கொண்டோம். இருபது ஆண்டு கற்பித்த அநுபவத்தில் அத்தகைய விடையை மாணவர் ஒருவர் எமக்குச் சொல்லியிருந்தால் வாங்கின்மேல் ஏற்றியிருப்போம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வண்டி நின்றது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக எழுப்பியது இது. கொழும்பு நூதனசாலையை வரைந்த சிமிதர் என்பவரே இதனையும் வரைந்தார். போரிற் சிதைந்து, பின்னர்த் திருத்தப்பெற்றது. எம் மாணவப் பருவத்தில் அதன் மணிக்கூடு ஓடவில்லை. ஆனாலும் தந்தையார் அதன் அடியாற் செல்லுந்தோறும் தலைநிமிர்ந்து பார்த்து, தம் கைக்கடிகாரத்தையும் பார்த்து, திருப்தியோடு தலையசைப்பார். அவர் எதனை ஒப்பிட்டார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அதன் அருகால் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று மணமகனைப்போல் மெல்ல ஊர்ந்து சென்றது. நண்பர் வண்டியிலிருந்து பாய்ந்திறங்கிப் படம் எடுத்தார். "மண்ணெண்ணெயிலே ஓடின கார்!" என்று மகளுக்குக் காட்டினார். அவள் நம்பவில்லை. தொண்ணூறுகளிற் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. பின்னாற் சைக்கிளிற் செல்பவர் முகம் கரும்புகையால் மறைந்துவிடும். மின்சாரமும் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவில் வானொலி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தாற் செய்தியாளர் குரலும் களைக்கும். இதனை நண்பரும் யாமும் மாறிமாறிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடிந்தபின்தான், அச்செய்திகளில் நாம் எதனைக் கேட்கக் காத்திருந்தோம் என்பது இருவர்க்கும் நினைவு வந்தது. சிறுமி காரை வரைந்து முடித்திருந்தாள். சக்கரங்கள் முட்டைவடிவாக வந்துவிட்டன என்று அழித்து மறுபடி வரைந்தாள்.

நல்லூர்ப் பக்கம் திரும்பினோம். கந்தசுவாமி கோயிலைப் பற்றி இம்மலரின் வாசகர்க்கு யாம் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். சந்நிதியில் மேற்சட்டையைக் கழற்றியபோது, நண்பர் கனடாவிற் பெற்ற செழிப்பை மறைக்கச் சால்வையை மிக அகலமாக விரித்துப் போர்த்தினார் என்பதை மட்டும் குறித்துவிட்டு அப்பாற் செல்வோம்.

முத்திரைச் சந்தியிற் சங்கிலிய மன்னன் வாளோடு குதிரைமேல் இருக்கின்றான். 1974 இல் வைத்த சிலையை 2011 இற் புதுக்கினர். சங்கிலித் தோப்பு வளைவும் மந்திரிமனையும் அருகிலேயே உள்ளன. மந்திரிமனை பிற்காலக் கட்டடம் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அயலவர் அதனை ஒப்புக்கொள்வதில்லை. யாம் அயலவர் பக்கமும் அல்லேம், ஆராய்ச்சியாளர் பக்கமும் அல்லேம்; உள்ளே போனால் ஓடு தலையில் விழும் என்னும் பக்கத்தவர். ஆகவே வெளியே நின்று காட்டிவிட்டு, எமக்கு உவப்பான இடத்துக்கு விரைந்தோம்.

அது யமுனா ஏரி. ஏரி என்பது உபசார வழக்கு. உண்மையில் அது கல்லாற் கட்டிய ஒரு கேணி. சிங்கை ஆரிய மன்னர் ஒருவர் யமுனை நீரைக் காவடிகளிற் கொணர்ந்து அதிற் சொரிந்தார் என்பது கன்னபரம்பரைக் கதை. எம்மை ஈர்ப்பது அக்கதையன்று, அதன் வடிவம். அக்கேணி பகர வடிவினது. உலகத்து மன்னர்கள் வட்டமாகவும் சதுரமாகவும் குளம் தொட்டனர். எழுத்து வடிவிலே குளம் தொட்டவனைத் தமிழாசிரியர்கள் வணங்காதிருப்பது எங்ஙனம்?

"பார் பிள்ளை, என்ன எழுத்து?" என்று பெருமிதத்தோடு கேட்டோம்.

"யூ" என்றாள் சிறுமி.

ஆங்கில எழுத்தன்று, தமிழ் எழுத்து என்றோம். மூலைகள் வளையாமல் நேராக மடங்குவதைக் காட்டினோம். அவள் கரைநெடுகிலும் நடந்து பார்த்து, "ஓம், 'ப'தான்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, "மேலே புள்ளி வைச்சா 'ப்' ஆகிடும் என்ன?" என்று கேட்டவள், யாம் விடையிறுக்குமுன் ஓடிப்போய், பகரத்தின் இரு கைகளுக்கும் நடுவே திறந்த பக்கத்துக் கரையில் நின்றுகொண்டாள். "இப்ப வாசியுங்கோ மாமா!"

நண்பரும் யாமும் எதிர்க்கரையில் நின்று, இதழ் இரண்டையும் குவித்து மூடி, உரத்து வாசித்தோம். ஆடு மேய்க்க வந்த அம்மையார் ஒருவர் எம்மைச் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, ஆடுகளை வேறு திசையில் ஓட்டிச் சென்றார். வகுப்பறையில் மெய்யெழுத்துக் கற்பிக்க யாம் செய்த முயற்சிகள் பலவற்றுள் இதுவே வாய்த்தது. அதனைக் கண்டுபிடித்தவள் மாணவி.

வெயில் ஏறிற்று. குளிர்களி உண்டோம். ஐஸ்கிறீம் என்றே எல்லோரும் சொல்வர். யாமும் வகுப்புக்கு வெளியே அவ்வாறே சொல்வோம். நல்லூர் வீதிக்கு வருவோர் முருகனைக் கண்டபின் கண்டிப்பாகக் காண்பது இக்கடைகளையே. மூவர்க்கும் தம்பிக்குமாக ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்கு மேலாயிற்று. நண்பர் பணப்பையை எடுத்தார், யாம் தடுத்தோம், அவர் வற்புறுத்தினார், யாம் இன்னும் சற்று வற்புறுத்தியிருக்கலாமோ என்று அவர் எண்ணும் அளவுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். மாத இறுதி அது. இத்தொகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் ஒரு கணக்கு வருகின்றது.

பிற்பகலிற் கோட்டைக்குப் போனோம்.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவிற் புதுப்பித்தது. 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவ்வளவையும் ஆறாம் வகுப்பு மாணவரும் ஒப்புவிப்பர். யாமும் ஒப்புவித்தோம். அகழியின் மேலாக நடந்து சுரங்கம்போன்ற வாயிலை அடைந்ததும் எம் கால்கள் தாமாகவே நின்றன.

எமக்குப் பத்து வயது நடந்த 1990 ஆம் ஆண்டில், ஆனி முதல் புரட்டாதி வரை இக்கோட்டை முற்றுகையில் இருந்தது. வண்ணார்பண்ணையில் எம் வீட்டுக் கிணற்றடியில் நின்றால் வானூர்தி தாழப் பறப்பதும் பின்னர் நிலம் அதிர்வதும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் பெரியோர் வாயிற் கோட்டை என்ற சொல் வந்தால், அதை அடுத்து வருவது 'பக்கம் போகாதே' என்பதுதான். இன்றைக்குச் சுற்றுலாக் கையேடுகள் அதனைப் பார்க்கத்தக்க இடம் என்கின்றன. எமக்கு அது விலகத்தக்க இடமாகவே மனத்திற் பதிந்திருந்தது. நண்பரும் நின்றுவிட்டார். "நீ வந்திருக்கிறாய்தானே?" என்றார். "இல்லை" என்றோம். முப்பது ஆண்டுகளாக ஊரிலேயே இருந்தவரும், முப்பது ஆண்டுகளாக ஊரில் இல்லாதவரும் வாயிலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிறுமி எமக்கு முன்னே உள்ளே போய்விட்டாள். அவளைப் பின்தொடர்ந்தோம்.

உள்ளே பெரும்பாலும் புல்வெளி. 1706 இற் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்து கற்குவியலாயிற்று. மதில்கள் மாத்திரம் ஒல்லாந்த நாட்டின் உதவியோடு திருத்தப்பெற்று நிமிர்ந்திருக்கின்றன. கல்லைத் தொட்டுப் பார்த்தாற் கடலின் கைவேலை தெரியும், எல்லாம் முருகைக்கல். மதிலின்மேல் ஏறினாற் பண்ணைக் கடலும் தீவுப்பக்கம் போகும் பாலமும் தெரிகின்றன. காற்று சால்வையைப் பறிக்கின்றது.

மதிலோரம் நெடுகிலும் குடைகள் விரிந்திருந்தன. மழையில்லை. ஒவ்வொரு குடைக்கும் கீழே நான்கு கால்கள். முற்றுகைகள் பல கண்ட கோட்டையை இப்போது காதலர் பிடித்துவைத்திருக்கின்றனர். யாம் கடலையே நோக்கியவாறு, குடைகளைக் காணாதவராய் நடந்தோம். அப்படி நடந்தும், ஒரு குடை திடீரெனச் சரிந்து, அதன் கீழிருந்த இளைஞர் பாய்ந்தெழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "வணக்கம் சேர்!" என்றார். 2019 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிற் செய்யுள் மனனம் செய்யாமல் யாம் வெளியே நிறுத்திய மாணவர். அருகில் இருந்த பெண் முகத்தைக் குடையாலேயே மறைத்துக்கொண்டார். என்ன செய்வது? "இரும் தம்பி, இரும்" என்றோம். அவர் இருக்கவில்லை, யாம் கண்ணுக்கு மறையும்வரை நின்றுகொண்டேயிருந்தார். அவ்விருவரின் மாலைப்பொழுதைக் கெடுத்ததற்கு, இம்மலர் அவர் கையிற் கிடைக்குமாயின், இதன்வழி எம் வருத்தத்தைத் தெரிவிக்கின்றோம்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் இந்தியாவின் நன்கொடையிற் கட்டிய பண்பாட்டு மையம் பதினொரு மாடியோடு வானளாவி நிற்கின்றது. 2025 தையில் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினர். ஊர்ப்பெயர் விடுபட்டதென்று ஊரார் குறைப்பட, யாழ்ப்பாணம் என்பதும் சேர்ந்தது. பெயர் நீண்டுவிட்டதென்று தம்பி சொன்னார். நீளட்டும், பெயர் இருந்தும் பொருள் இல்லாத இடங்களைக் காலையிற் கண்டோமன்றோ.

அதற்கு அப்பால் நூலகம். வாயிலிற் சரசுவதி வீணையோடு அமர்ந்திருக்கின்றாள். 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே தொடங்கிய வாசிப்பு முயற்சி, மக்களிடம் சேர்த்த பணத்தால் வளர்ந்து, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று, 1959 இல் இம்மாளிகையிற் குடிபுகுந்தது. 1981 மே 31 ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அப்போது எமக்கு ஒரு வயது.

இனிப் பையினுள் இருந்ததைச் சொல்லவேண்டும்.

எம் தந்தையார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர், இலக்கணப் பித்தர். 1981 மே மாதத்தில் இந்நூலகத்திலிருந்து ஓர் இலக்கண உரைநூலை இரவல் பெற்று வந்தார். பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிய தாளில், திருப்பவேண்டிய திகதி யூன் 9 என்று ஊதா மையிற் பதிந்திருக்கின்றது. அன்று நூலைப் பெற்றுக்கொள்ள அங்கே மேசையில்லை.

1984 இற் கட்டடத்தின் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தனர். "நிலைமை கொஞ்சம் சீராகட்டும், கொண்டுபோய்க் குடுப்பம்" என்று தந்தையார் சொன்னாராம். 1985 இல் அப்பகுதியும் சேதமுற்றது. அதுவரை அந்நூலிற் கீறல் ஒன்றும் இல்லை. நூலகப் புத்தகத்தில் எழுதுபவரைக் கோயிற் சுவரில் எழுதுபவரோடு ஒன்றாக வைத்துப் பேசுவார் அவர். 1985 ஆடி மாதம் முதல் ஓரங்களிற் பென்சிலால் எழுதத் தொடங்கினார். திகதியிட்டெழுதுவது எழுதுவினைஞர் வழக்கமாகையால் அது தெரிகின்றது. புத்தகம் தமதாயிற்று என்று அவர் கருதவில்லை. இனி அதைக் கேட்பார் ஒருவரும் இலர் என்று முடிவுசெய்த நாள் அதுவாதல் வேண்டும்.

1995 இல் வீட்டை விட்டுப் புறப்பட்ட இரவு மழை. காணி உறுதி, அம்மாவின் நகை, எம் பள்ளிச் சான்றிதழ்கள் இவற்றோடு இந்நூலையும் பொலித்தீனிற் சுற்றி, சைக்கிளின் பின்னாற் கட்டி, நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாக அடியடியாகக் கடந்து தென்மராட்சிக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற் கதவும் யன்னலும் இல்லை. நூல் இருந்தது. 2001 இல் அவர் காலமானார். நூலகம் மறுபடி திருந்தி வாசகர்க்குத் திறந்ததை அவர் காணவில்லை.

திருப்பிக் கொடுக்கவேண்டியவர் யாமே. இருமுறை முயன்றோம். முதன்முறை மேசைவரை போய், "என்ன வேணும் ஐயா?" என்று கேட்கப்பட்டதும் நாக் குழறி, அங்கத்துவப் படிவம் ஒன்று கேட்டோம், யாம் அப்போதே அங்கத்தவர். இரண்டாம் முறை படியேறாமலே திரும்பினோம். பழைய நூலகத்தின் நூல்களில் எஞ்சியவை மிகச் சில. அந்த இடத்துக்குரியதை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பது களவு என்பது எமக்குத் தெரியாததன்று. மாணவர்க்கு இதையே கற்பிக்கின்றோம். ஆனால் தந்தையாரின் கையெழுத்து வேறெங்கும் இல்லை. 1995 இற் கொண்டுசெல்லாத பெட்டியில் அவர் கடிதங்களும் குறிப்பேடுகளும் இருந்தன.

நூலகத்துப் படிக்கட்டில் இருந்து இதனை நண்பரிடம் சொன்னோம். முப்பது ஆண்டில் வேறொருவரிடமும் சொன்னதில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "குற்றப்பணம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். நாளொன்றுக்கு ஐந்து சதம் என்று வைத்துப் பார்த்தோம். 44 ஆண்டும் சில மாதங்களும். பதினாறாயிரத்துச் சொச்சம் நாள்கள். எண்ணூறு ரூபாவுக்குச் சற்று மேல். "மத்தியானம் ஐஸ்கிறீமுக்குக் குடுத்ததிலை பாதி, மச்சான்!" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பிற் காவலாளி எட்டிப் பார்த்தார்.

சிறுமி நூலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, இது பென்சில்தானே? அழிச்சுப்போட்டுக் குடுக்கலாமே?" என்றாள்.

நண்பர் அவளை அதட்டினார். அதட்டவேண்டாம் என்றோம். அவள் சொன்னதில் வழு ஒன்றும் இல்லை. அன்றும் புத்தகம் எம்மோடேயே திரும்பி வந்தது.

அவர்கள் கொழும்புக்குப் புறப்பட்ட காலை, புகையிரத நிலையத்தில், அவள் பென்சிற் பெட்டியைத் திறந்து தன் அழிறப்பரை எடுத்து எம் கையில் வைத்தாள். ஒஸ்ரின் காரின் முட்டைச் சக்கரங்களை அழித்ததனால் ஒரு மூலை கறுத்திருந்தது. "நல்லா அழியும், தாள் கிழியாது" என்றாள்.

சென்ற வாரம் ஒரு மாலை, அம்மாவும் உறங்கியபின், நூலை மேசையில் விரித்தோம். இலக்கணக் குறிப்புக்களைத் தொட மனம் வரவில்லை. இலக்கணமல்லாத ஒன்றில் தொடங்கலாமென்று தேடினோம். வேற்றுமையியலில் ஒரு பக்கத்தின் அடியிற் பாற்கணக்கு ஒன்று இருந்தது. பால்காரருக்குக் கொடுக்கவேண்டிய போத்தற் கணக்கு. நூலகப் புத்தகத்தில் அது இருப்பதற்கு எவ்வகை நியாயமும் இல்லை. அழிறப்பரை எடுத்து, வெளிச்சத்தைக் கிட்ட இழுத்து, அதனை முழுதும் வாசித்தோம். 1986 மார்கழி 11. பால் இரண்டு போத்தல். அதன் கீழே, சின்ன எழுத்தில்: 'சின்னவனுக்குச் சளி. நாளைக்கும் மறுநாளைக்கும் பால் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.'

சின்னவன் யாமே. அழிறப்பர் அந்தப் பக்கத்திலேயே அடையாளமாக இருக்கின்றது.